இரவுக் காவலுக்கு ஊர், எல்லைக்கு மட்டும் காகிதமா?

இந்தோனேசிய அரசுக்குக் கிராமத்தார் மீது ஒரு விஷயத்தில் அபார நம்பிக்கை; இன்னொன்றில் துளியும் இல்லை. 2025 ஆகஸ்டில் ஜகார்த்தாவிலும் பிற நகரங்களிலும் வெடித்த கலவரம் அடங்கியதும், செப்டம்பரில் உள்துறை அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ‘சிஸ்காம்லிங்’ எனப்படும் ஊர்க்காவல் முறைக்கு எல்லா இடங்களிலும் மறுபடி உயிர் கொடுங்கள் என்பது அதன் சாரம். அடுத்த ஐந்து மாதங்களுக்குள், 2026 பிப்ரவரி 2-ஆம் தேதி, 2021-இல் வந்த 18-ஆம் எண் அரசு விதி கொடுத்திருந்த ஐந்தாண்டுக் கெடு முடிந்தது. கிரிக், பெத்தோக், லெட்டர்-சி என்று தலைமுறைகளாகக் கிராமங்கள் நம்பிவந்த நில ஆவணங்கள், அந்த விதிப்படி, உரிமைக்கான சான்று என்ற தகுதியை இழந்துவிட்டன. நில அலுவலகம் தரும் சான்றிதழ்தான் இனி பேசும். ஆக, நள்ளிரவில் யார் வீட்டுக் கதவை யார் தட்டுகிறார்கள் என்று கண்விழித்துப் பார்க்க ஊர்க்காரர் வேண்டும். அந்த வீடு நிற்கும் மண் யாருடையது என்று சொல்ல மட்டும் அவர் வாய் போதாது. இதை நிர்வாகச் சீர்திருத்தம் என்று மெச்சுகிறவர்கள், ஒரு கிராமத்தில் உயிரும் உடைமையும் எதனால் காக்கப்படுகின்றன என்பதை யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஜாவா கிராமங்களில் ‘ஜிம்பித்தான்’ என்றொரு வழக்கம் இருக்கிறது. வீட்டு முகப்பில் ஒரு சின்ன டப்பா தொங்கும். பொழுது சாய்ந்ததும் வீட்டுக்காரர் அதில் சிறிது அரிசி போட்டுவைப்பார். பல ஊர்களில் இப்போது அரிசியின் இடத்தில் சில்லறைக் காசு. முறைக்காவலில் வருகிறவர்கள் வீடு வீடாக அதை எடுத்துச் சேர்த்துக்கொண்டே ஊரைச் சுற்றுவார்கள். காலையில் டப்பா காலியாக இருந்தால் காவல் வந்துபோயிற்று என்று அர்த்தம். போட்டது போட்டபடி கிடந்தால், நேற்று முறைக்காரர் தூங்கிவிட்டார் என்பது தெரு முழுக்கத் தெரிந்துவிடும். வீட்டாரும் தப்ப முடியாது: டப்பாவில் ஒன்றுமே இல்லையென்றால் அந்த வீட்டில் நோயா, வெளியூர்ப் பயணமா, ஊரோடு மனத்தாங்கலா என்று காவலுக்கு வந்தவர் கேட்காமல் போகமாட்டார். சேர்ந்த தொகை சாவுச் செலவுக்கும் தெருவிளக்குக்கும் போகும். காவல் கொட்டகையில் தொங்கும் கெந்தோங்கானை, அதாவது குடைந்த மரத்தாலோ மூங்கிலாலோ ஆன கொட்டுக் கருவியை, எப்படி அடிக்கிறார்கள் என்பதைக் கேட்டே திருட்டா, தீயா, சாவா என்று படுத்திருப்பவர் புரிந்துகொள்வார். காவல் செய்கிறவரையும் காக்கப்படுகிறவரையும் ஒரே நேரத்தில் கணக்குக் கேட்கும் இந்த ஏற்பாட்டுக்கு நிகராக எந்தப் போலீஸ் துறையாவது ஒன்றை உருவாக்கியிருக்கிறதா? பிடி அரிசியில் நடக்கும் தணிக்கை இது. இப்படி இரவெல்லாம் சுற்றுகிறவருக்கு எந்தத் தென்னை யாருடையது, எந்த வரப்பு எப்போது நகர்ந்தது என்பது தெரியாமல் இருக்குமா?

ஊர்ச் சாட்சியை மதிக்க வேண்டும் என்பது வெறும் கிராமப் பாசமும் அல்ல. 1997-இல் வந்த 24-ஆம் எண் நிலப்பதிவு விதியே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. ஆவணம் முழுமையாக இல்லாவிட்டாலும், 20 ஆண்டுகளுக்குக் குறையாமல் ஒருவர் நல்லெண்ணத்தோடும் வெளிப்படையாகவும் நிலத்தை அனுபவித்துவந்து, நம்பத்தக்கவர்கள் சாட்சி சொல்லி, ஊரார் மறுக்காமலும் இருந்தால் அவர் பெயரில் பதிவு செய்யலாம் என்கிறது அதன் 24-ஆம் பிரிவு. சட்டமே அண்டைவீட்டாரின் வார்த்தையைச் சான்றாக ஏற்றது என்றுதானே பொருள்? கிரிக் என்பது வெறும் தீர்வைக் கணக்கு, உரிமைப் பத்திரம் அல்ல என்று நீதிமன்றங்கள் சொல்லிவந்திருப்பது உண்மை. ஆனால், தீர்வைச் சீட்டைப் பத்திரம்போல் பெட்டியில் பூட்டிவைக்கும் நிலைக்குக் கிராமத்தாரைத் தள்ளியது யார்? 1960 செப்டம்பர் 24-இல் அடிப்படை நிலச் சட்டம் நிறைவேறியது. நாடு முழுதும் நிலத்தை அரசே பதிவு செய்யும் என்று அது உறுதி சொன்னது. அந்த உறுதியோடு அரசு பல கிராமங்களின் எல்லையைக்கூட மிதிக்கவில்லை.

எவ்வளவு மிதிக்கவில்லை என்பதற்கு ஓர் எண் போதும்: 160. முன்னாள் அதிபர் ஜோகோ விடோடோ மேடைதோறும் சொன்ன கணக்கு இது. நாட்டில் பத்திரம் தரப்பட வேண்டிய நிலத்துண்டுகள் 12.6 கோடி, 2015 வரை தந்தது 4.6 கோடி. மீதி 8 கோடி. நில அலுவலகங்கள் ஆண்டுக்கு 5 லட்சம் பத்திரம் என்ற வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தன. அதே வேகத்தில் போனால் முடிய 160 ஆண்டுகள். தன் நிர்வாகத்தின் விறுவிறுப்பைக் காட்டத்தான் அவர் இதைச் சொன்னார். திருப்பிப் பிடித்தால் அதுவே குற்றப்பத்திரிகை. 160 ஆண்டு வேலையைச் சுமந்து நின்ற அரசு, கிராமத்தாருக்குக் கொடுத்த கெடு 5 ஆண்டு! முப்பத்திரண்டு மடங்கு சலுகையைத் தனக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் குடிமக்கள் தலையில் கட்டியிருக்கிறது. 2017-இல் 50 லட்சம், 2018-இல் 70 லட்சம், 2019-இல் 90 லட்சம் என்று இலக்கு வைத்து ஓடினார்களே, 2024-இல் 12 கோடித் துண்டுகள் பதிவாகிவிட்டனவே என்பார்கள். பதிவானது வேறு, பத்திரம் கைக்கு வந்தது வேறு. அந்தப் பதிவுத் திட்டத்திலேயே ‘மூன்றாம் வகை’ என்று ஒன்று உண்டு: அளந்தாயிற்று, வரைபடத்தில் ஏற்றியாயிற்று, உரிமையாளர் வரவில்லை, தாளில் குறை என்று ஏதோ ஒரு காரணத்தால் பத்திரம் இல்லை. புள்ளிவிவரத்தில் அது வெற்றிக் கணக்கு. வீட்டில் வெறும் கை.

அந்தத் திட்டத்தில் பத்திரம் இலவசம் என்ற பேச்சும் அரைகுறைதான். 2017-இல் மூன்று அமைச்சர்கள் கூட்டாக வெளியிட்ட ஆணைப்படி, முன்னேற்பாட்டுச் செலவுக்காக ஜாவாவிலும் பாலியிலும் 1,50,000 ரூபியா வரை வாங்கலாம். பப்புவாவிலும் மலுக்குவிலும் கிழக்கு நுசா தெங்காராவிலும் 4,50,000 வரை. எங்கே வறுமை அதிகமோ அங்கே மூன்று மடங்கு. பத்திரம் வழங்கும் விழாக்களில் அதிபர் விடோடோ மக்களுக்குத் தவறாமல் சொன்ன புத்திமதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுவையுங்கள், ஒரு நகல் எடுத்துவையுங்கள் என்பது. 2023 டிசம்பரில் அவரே மின்னணுச் சான்றிதழைத் தொடங்கிவைத்தார். கூரை ஒழுகும் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் உறை வாங்கி முடிப்பதற்குள் காகிதமே பழசாகிவிட்டது.

கிரிக்கை ஒழிப்பதற்கு நில விவகார அமைச்சகம் சொல்லும் பெரிய நியாயம் நில மாஃபியா. பழைய தாள்களைப் போலியாகத் தயாரிப்பது எளிது, அதனால் வழக்குகள் பெருகுகின்றன என்கிறார்கள். 2025 ஜனவரியில் நாட்டையே சிரிக்கவும் கொதிக்கவும் வைத்த தங்கெராங் விவகாரத்தைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். பந்தென் மாகாணக் கடலோரத்தில் 30 கிலோமீட்டருக்கு மூங்கில் வேலி; கோஹோட் கிராமத்தை ஒட்டிய கடல்நீரின் மேல் 263 கட்டட உரிமைச் சான்றிதழ்கள், 17 உடைமைச் சான்றிதழ்கள்; அவற்றில் பெரும்பாலானவை நிறுவனங்களின் பெயரில். பழைய கிரிக்குகளை அடிப்படையாகக் காட்டித்தான் அவை பெறப்பட்டன என்பது அமைச்சகத்தின் விளக்கம். சரி, போலித் தாளை எவரோ நீட்டினார். அதை வாங்கி, அளந்து, முத்திரை குத்தி, அலை அடிக்கும் இடத்துக்குச் சான்றிதழ் கொடுத்தது யார்? கிராமத்து மீனவரா? வேலி எழும்புகிறது என்ற தகவல் மாகாண மீன்வளத் துறைக்கு 2024 ஆகஸ்டிலேயே போய்விட்டது. தலைநகரம் கண் திறக்க ஜனவரி ஆயிற்று. கடலைக் கடல் என்று அடையாளம் காண ஒரு செம்படவருக்கு அளவைக் கருவி தேவைப்படவில்லை. தோற்றது சான்றிதழ் முறை, தண்டனை கிரிக்குக்கு. போலி ஆவண வழக்கில் கைதானவர்களில் கிராமத் தலைவரும் ஒருவர் என்று சிலர் மடக்கப் பார்ப்பார்கள். தலைவர் வேறு, ஊர் வேறு. லெட்டர்-சி ஏட்டைத் தலைவரின் அலுவலக அலமாரிக்குள் வைத்ததும், 2024-இல் சட்டத்தைத் திருத்தி அவர் பதவிக்காலத்தை 6 ஆண்டிலிருந்து 8 ஆக நீட்டியதும் ஜகார்த்தாதான்.

இன்னொரு பக்கம், சான்றிதழ் இல்லை என்பது யாருக்கு எதிராக ஆயுதமாகிறது? 2023 செப்டம்பர் 7-இல் ரெம்பாங் தீவில் நடந்ததைப் பார்த்தால் போதும். தலைமுறைகளாக மலாய் மீனவர்கள் வாழும் பழைய கிராமங்கள் உள்ள தீவு அது. ஒரு தொழில்நகரத் திட்டத்துக்காக அளக்க வந்தவர்களை மக்கள் மறித்தார்கள், கண்ணீர்ப்புகை பறந்தது, பள்ளிக் குழந்தைகள் மூச்சுத் திணறினார்கள். ஏறத்தாழ 7,500 பேரைப் பெயர்க்க முனைந்த அரசு சொன்ன பதில், அவர்களிடம் நிலச் சான்றிதழ் இல்லை என்பது. உடைமைக்கு வந்த ஆபத்து உயிருக்கும் வந்தது. திருடன் வரவில்லை, கெந்தோங்கான் அடித்துப் பிடிக்க. ‘பழைய தாள்கள் இன்னமும் பதிவுக்கு ஒரு குறிப்பாகப் பயன்படும், யாருடைய நிலத்தையும் பறிக்கவில்லை’ என்று அமைச்சகம் சமாதானம் சொல்கிறது. குறிப்பை வைத்துக்கொண்டு வயல்காரர் அலுவலகம் அலுவலகமாக அலைவார். சான்றிதழ் வைத்திருக்கும் எதிராளி வழக்கறிஞரை அனுப்புவார். இந்தச் சமாதானத்துக்கு இதற்குமேல் பதில் தேவையில்லை.

ஊர் என்றால் ஒரே தங்கமா, கும்பல் நீதி இல்லையா என்ற கேள்வியும் வரும். 1998-இல் கிழக்கு ஜாவாவின் பன்யுவாங்கியில் சூனியக்காரர்கள் என்று சொல்லி நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். மறைக்க வேண்டியதில்லை. ஆனால், அந்த ஆண்டு பிப்ரவரியில் சூனியக்காரர்கள் எனப்படுவோரின் பெயர்களைத் திரட்டச் சொல்லி உத்தரவிட்டது மாவட்ட ஆட்சி. பாதுகாப்புக்காக என்று தொடங்கிய பட்டியல் கொலைப் பட்டியலாயிற்று என்பது அன்றைக்கே எழுந்த குற்றச்சாட்டு. ஊரின் வாய்ப்பேச்சை அலுவலகம் தாளில் ஏற்றியபோதுதான் அது மறுக்க முடியாத தீர்ப்பானது. வெளிச்சத்தில் எல்லார் முன்னிலையிலும் பேசப்படும் வார்த்தையை ஊர் திருத்திக்கொள்ளும். பூட்டிய அலமாரியில் இருக்கும் தாளைத் திருத்த முடியாது.

எனவே செய்ய வேண்டியது கெடுவை நீட்டுவது அல்ல. நீட்டினால் 160 ஆண்டு அரசு இன்னும் கொஞ்சம் தூங்கும். விதியையே தலைகீழாக்க வேண்டும். ஒரு கிராமத்து நிலத்துக்கு எந்தச் சான்றிதழ் வழங்கினாலும், அண்டைவீட்டுக் குழுவான ஆர்.டி.யின் கூட்டத்தில் எல்லை, பெயர், அளவு மூன்றையும் உரக்கப் படித்து, முறைக்காவல் பார்க்கும் குடும்பங்கள் ஒப்பாத வரை அது செல்லாது என்று ஆக்க வேண்டும். கோஹோட்டில் அப்படியொரு கூட்டம் கூடியிருந்தால் கடலுக்கு ஒரு சான்றிதழ்கூடப் பிறந்திருக்காது. ரெம்பாங்கில் கூடியிருந்தால் கண்ணீர்ப்புகைக்கு வேலை இருந்திருக்காது. இதைச் செய்யாமல் ஊர்க்காவலை மட்டும் சுற்றறிக்கையால் எழுப்ப நினைப்பது வீண். தன் வரப்பைப் பற்றித் தான் சொல்வது சபை ஏறாது என்று தெரிந்த பிறகு, அடுத்தவர் வீட்டைக் காக்க எவரும் தூக்கம் கெடுத்துக்கொள்ளமாட்டார். ஊரின் வார்த்தையைத் தள்ளுபடி செய்த அரசு, இரவுக் காவலுக்குச் சம்பள ஆள் தேடிக்கொள்ளட்டும்.