குளம் கட்டப் பணம் வந்தது... நடத்த?

1936, ஜூலை 9. நியூயார்க் நகரத்தில் வெயில் 106 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. சென்ட்ரல் பார்க் வானிலை நிலையத்தில் இன்றுவரை முறியடிக்கப்படாத பதிவு அது. வீடுகளுக்கு ஏ.சி. வராத காலம். நெருக்கமான அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள் மொட்டைமாடியிலும் வெளிப்புற இரும்புப் படிக்கட்டுகளிலும் பாய் விரித்துப் படுத்தன.

ஆனால், அந்தக் கோடையில் அவர்களுக்கு ஒரு புது வழி கிடைத்திருந்தது. நகரம் முழுக்கப் பொது நீச்சல் குளங்கள் திறக்கப்பட்டுக்கொண்டிருந்தன. ஜூன் 24-ல் முதல் குளம். ஆகஸ்ட் 17-ல் பதினோராவது குளம். எட்டு வாரங்களுக்குள் 11 பிரமாண்ட குளங்கள்! எல்லாவற்றிலும் சேர்த்து ஒரே நேரத்தில் 49,000 பேர் இறங்கலாம்.

ஒவ்வொரு குளத்துக்கும் ஆன செலவு சுமார் 10 லட்சம் டாலர். அன்றைக்கு அது மலைக்க வைக்கும் தொகை. அதைவிட ஆச்சர்யம், அந்த நேரத்தில் நியூயார்க் மாநகராட்சியின் கஜானா காலி என்பதுதான். பிறகு பணம் எங்கிருந்து வந்தது?

பூங்காவுக்கு ஒரு கணக்கு

பொதுப் பணத்தில் பூங்கா அமைப்பது நியூயார்க்குக்குப் புதிதல்ல. 1850-களில் சென்ட்ரல் பார்க்குக்காக நிலம் வாங்கியபோதே அதற்கு ஒரு வழியைக் கண்டுபிடித்திருந்தார்கள். நிலத்துக்கு மட்டும் 50 லட்சம் டாலருக்கு மேல் தேவைப்பட்டது. நகரம் கடன் பத்திரங்களை வெளியிட்டுப் பணம் திரட்டியது. நிலத்தின் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை, பூங்காவைச் சுற்றி மனை வைத்திருந்தவர்களிடமே வசூலித்தது. 'பூங்கா வந்தால் உங்கள் மனை விலை ஏறப்போகிறது. அந்த லாபத்தில் ஒரு பகுதியை இப்போதே கொடுங்கள்' என்பதுதான் கணக்கு.

கணக்கு பலித்தது. சுற்றுப்புற மனைகளின் மதிப்பு பல மடங்கு ஏறியது. சொத்து வரியும் கூடியது. பூங்காவை வடிவமைத்த இருவரில் ஒருவரான ஃப்ரெடரிக் லா ஓம்ஸ்டெட், இந்த வரி வருமானத்தைக் காட்டித்தான் 'பூங்கா வீண் செலவில்லை' என்று வாதாடினார்.

இந்தக் கணக்கில் எழுதப்படாத ஒரு செலவும் உண்டு. பூங்கா வந்த இடத்தில் செனிகா வில்லேஜ் என்றொரு குடியிருப்பு இருந்தது. கறுப்பினக் குடும்பங்கள் பல அங்கே சொந்தமாக நிலம் வாங்கி, வீடும் தேவாலயமும் கட்டி வாழ்ந்துகொண்டிருந்தன. 1857-க்குள் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். நில உரிமையாளர்களுக்கு இழப்பீடு கிடைத்தது. அந்த ஊர் திரும்பக் கிடைக்கவில்லை.

வசதியானவர்கள் குடியேறக்கூடிய இடத்துக்குத்தான் இந்தக் கணக்கு சரிப்படும். ஏழைகள் நெருக்கியடித்து வாழும் பகுதியில் நீச்சல் குளம் கட்டினால் எந்த மனைக்காரர் பணம் கொடுப்பார்?

வேலை கொடுக்கத்தான் குளம்!

அந்தப் பகுதிகளில் குளம் மிகவும் தேவைப்பட்டது. நியூயார்க்கில் 1870 முதலே ஆற்றில் மரத்தாலான மிதக்கும் குளியல் தொட்டிகள் இருந்தன. தொட்டிக்குள் ஆற்று நீர் வந்துபோகும். அதே ஆற்றில்தான் நகரத்தின் சாக்கடையும் கலந்தது. அதற்கும் வழியில்லாத சிறுவர்கள் கப்பல் துறையிலிருந்து நேராக ஆற்றில் குதித்தார்கள். ஒவ்வொரு கோடையிலும் சிலர் வீடு திரும்பவில்லை.

1929-ல் பங்குச் சந்தை சரிந்து, பெருமந்தம் தொடங்கியது. 1933 வாக்கில் அமெரிக்காவில் நான்கு தொழிலாளர்களில் ஒருவருக்கு வேலை இல்லை. 1934 ஜனவரியில் ஃபியோரெல்லோ லா கார்டியா நியூயார்க் மேயரானார். நகரம் முழுவதற்கும் ஒரே பூங்காத் துறையை உருவாக்கி, ராபர்ட் மோசஸ் என்பவரை ஆணையராக்கினார்.

1935-ல் ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் அரசு 'வொர்க்ஸ் ப்ராக்ரஸ் அட்மினிஸ்ட்ரேஷன்' என்ற அமைப்பைத் தொடங்கியது. சுருக்கமாக டபிள்யூ.பி.ஏ. வேலை இல்லாதவர்களுக்குச் சும்மா பணம் கொடுக்காமல், ஊருக்குப் பயன்படும் வேலையைக் கொடுத்துக் கூலி தருவது இதன் நோக்கம். சாலை, பள்ளி, பாலம், பூங்கா என்று நாடு முழுக்க வேலைகள் தொடங்கின.

பணம் தர மத்திய அரசு தயார். ஆனால், உடனே ஆட்களை இறக்கி வேலையைத் தொடங்க வேண்டும். பல நகரங்கள் 'இனிமேல்தான் திட்டம் போட வேண்டும்' என்று தலையைச் சொறிந்தன. மோசஸோ நூற்றுக்கணக்கான பொறியாளர்களையும் கட்டடக் கலைஞர்களையும் உட்காரவைத்து, பணம் வருவதற்கு முன்பே வரைபடங்களைத் தயாரித்து அடுக்கிவைத்திருந்தார். கேட்டவுடன் எடுத்து நீட்டினார். முதல் இரண்டு ஆண்டுகளில் டபிள்யூ.பி.ஏ. நாடு முழுக்கச் செலவிட்டதில் ஏழில் ஒரு பங்கு நியூயார்க் என்ற ஒரே நகரத்துக்குப் போனது. அதில் பெரிய பங்கு பூங்காத் துறைக்கு.

இந்தப் பணத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. பெரும்பகுதி கூலியாகப் போக வேண்டும். பொருட்களுக்குக் கைநிறையச் செலவு செய்ய முடியாது. அதனால் பளிங்குக்கும் விலை உயர்ந்த கல்லுக்கும் இடமில்லை. கட்டடக் கலைஞர் எய்மர் எம்பரி தலைமையிலான குழு, செங்கல்லையும் கான்கிரீட்டையும் வைத்தே வேலையை முடித்தது. செங்கல் மலிவு. அடுக்கிக் கட்ட நிறைய ஆட்கள் வேண்டும். இரண்டும் அரசின் நோக்கத்துக்குப் பொருந்தின. உயர்ந்த வளைவுகளும் அகன்ற வாசல்களுமாக அந்தச் செங்கல் கட்டடங்கள் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றன.

உள்ளே எதிலும் சிக்கனம் தெரியவில்லை. தண்ணீரை வடிகட்டும் கருவி, குளோரின் கலக்கும் வசதி, குளத்துக்குள் இறங்கும் முன் கால் கழுவும் தொட்டி, இரவில் நீந்த நீருக்கடியில் விளக்குகள். அஸ்டோரியா குளம் 330 அடி நீளம். திறந்த அதே வாரத்தில் பெர்லின் ஒலிம்பிக்குக்கான அமெரிக்க நீச்சல் அணியின் தேர்வுப் போட்டிகள் அங்கே நடந்தன. புரூக்ளினில் இருக்கும் மெக்காரன் குளத்தில் ஒரே நேரத்தில் 6,800 பேர் இறங்கலாம்.

பத்து சென்ட் கட்டணம்

மத்திய அரசு கட்டித்தரும். தினமும் குளத்தைச் சுத்தம் செய்வது, பாதுகாவலர்களுக்குச் சம்பளம் கொடுப்பது, பம்புசெட்டைப் பழுது பார்ப்பது எல்லாம் நகரத்தின் தலையில்தான் விழும். பூங்காத் துறை இதற்கும் வழி தேடியது. வார நாட்களில் மதியம் 1 மணி வரை சிறுவர்களுக்கு இலவசம். அதன் பிறகு சிறுவர்களுக்கு 10 சென்ட், பெரியவர்களுக்கு 20 சென்ட். இலவச நீச்சல் வகுப்புகளும் நடந்தன. குளிர்காலத்தில் உடை மாற்றும் கூடங்கள் உடற்பயிற்சிக் கூடங்களாக மாறின. நீர் வடிந்த குளத்தின் தரையில் பந்து விளையாடினார்கள். வருடத்தில் மூன்று மாதம் மட்டும் பயன்படும் கட்டடத்தை மிச்ச மாதங்களிலும் உழைக்கவைத்தார்கள்.

எல்லோருக்கும் சமமாகத்தான் கதவு திறந்ததா? கறுப்பினத்தவர் உள்ளே வரக் கூடாது என்று நியூயார்க்கில் சட்டம் இல்லை. ஆனாலும், ஹார்லெமில் இருந்த குளத்தில் கறுப்பினத்தவர், மற்றவற்றில் பெரும்பாலும் வெள்ளையர் என்றே நடைமுறை இருந்தது. தாமஸ் ஜெஃபர்சன் குளத்தில் கறுப்பினத்தவர் வராமலிருக்க மோசஸ் வேண்டுமென்றே தண்ணீரைக் குளிர்ச்சியாக வைத்திருந்தார் என்று அவரின் வாழ்க்கையை எழுதிய ராபர்ட் காரோ 1974-ல் குற்றம்சாட்டினார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் சிலர் இதை ஏற்கவில்லை.

தெற்கே மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரத்தில் நடந்ததைப் பற்றி அப்படி எந்தச் சர்ச்சையும் இல்லை. அங்கே வெள்ளையருக்கு நான்கு குளம், கறுப்பினத்தவருக்கு ஒன்று. 1960-களின் தொடக்கத்தில், இப்படிப் பிரித்துவைப்பது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் சொன்னது. பூங்காக்களை எல்லோருக்கும் திறந்த நகரம், நீச்சல் குளங்களை மட்டும் மூடிவிட்டது. சொன்ன காரணங்களில் ஒன்று, 'சேர்ந்து குளிக்கவிட்டால் செலவு கட்டுப்படியாகாது'. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1971-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், நகரம் செய்தது செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

கறுப்பினத்தவர் கட்டிய வரியும் அந்தக் குளங்களில் இருந்தது. கடைசியில் வெயில் காலத்தில் வெள்ளைக் குழந்தைக்கும் குளம் இல்லை, கறுப்பினக் குழந்தைக்கும் குளம் இல்லை.

மூடியது 1984, திறந்தது 2012

நியூயார்க்கில் குளங்களுக்கு ஆபத்து வேறு வடிவத்தில் வந்தது. 1975-ல் நகரம் திவாலாகும் விளிம்புக்குப் போனது. சிக்கனம் என்றவுடன் முதலில் கைவைத்த இடங்களில் ஒன்று பூங்காத் துறை. ஆட்கள் குறைந்தார்கள். பழுதுகள் தள்ளிப்போடப்பட்டன. ஒழுகும் குழாயை இந்த வருடம் விட்டால், அடுத்த வருடம் சுவர் போகும்.

மெக்காரன் குளம் அப்படித்தான் நலிந்தது. 1984-ல் மூடப்பட்டது. சீரமைக்கலாம் என்று பேச்சு வந்தபோது, அக்கம்பக்கத்தில் சிலரே எதிர்த்தார்கள். வெளியாட்கள் கூடுவார்கள், வம்பு வரும் என்பது அவர்கள் பயம். இடிக்கலாமா, சிறிதாக்கலாமா, அப்படியே சரிசெய்யலாமா என்று வருடக்கணக்கில் இழுத்தது. 6,800 பேர் நீந்திய இடத்தில் புல் முளைத்தது. 2000-களின் நடுவில், வறண்ட குளத்துக்குள் இசைக் கச்சேரிகள் நடந்தன. 2007-ல் அது பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடமாக அறிவிக்கப்பட்டது. அதே காலத்தில் நகரம் நிதி ஒதுக்க, 2012 ஜூனில் மீண்டும் தண்ணீர் நிரம்பியது.

இடையில் 28 வருடங்கள். மூடிய கோடையில் பிறந்த குழந்தை, திறந்தபோது தன் குழந்தையைக் கூட்டிவரும் வயதுக்கு வந்திருக்கும்.

செலவையும் பார்ப்போம். கட்ட ஆனது சுமார் 10 லட்சம் டாலர். விலைவாசி உயர்வைச் சேர்த்தால் 2012 மதிப்பில் ஏறக்குறைய 1.65 கோடி டாலர். சீரமைக்க ஆனது 5 கோடி டாலர். ஆண்டு முழுக்கப் பயன்படும் விளையாட்டுக் கூடமும் அதில் சேர்த்தி என்றாலும், கட்டிய செலவைப்போல மூன்று மடங்கு! வருடாவருடம் மிச்சம் பிடித்த பராமரிப்புப் பணம், கடைசியில் வட்டியும் முதலுமாகக் கணக்குக் கேட்டது.

அதே நிதி நெருக்கடியில் சென்ட்ரல் பார்க்கும் பாழடைந்துதான் கிடந்தது. அதற்கு வேறு வழி பிறந்தது. 1980-ல் 'சென்ட்ரல் பார்க் கன்சர்வன்சி' என்ற தனியார் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. பூங்காவைச் சுற்றி வாழும் செல்வந்தர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். இன்று அந்தப் பூங்காவின் பராமரிப்புச் செலவில் பெரும்பகுதியை அறக்கட்டளையே பார்த்துக்கொள்கிறது. பாராட்ட வேண்டிய வேலை. ஆனால், எல்லாப் பூங்காவுக்கும் பக்கத்தில் கோடீஸ்வரர்கள் குடியிருப்பதில்லை. மெக்காரனுக்கு நகர நிதியைத் தவிர நாதி இல்லை. அந்த நிதி நின்ற இடத்தில் குளமும் நின்றது.

திறப்பு விழாவுக்கு மறுநாள்

கட்டடத்துக்குப் பணம் கிடைப்பதில் ஒரு வசதி உண்டு. அடிக்கல், ரிப்பன், கல்வெட்டு, புகைப்படம் எல்லாம் கிடைக்கும். பம்புசெட்டுக்கு வாஷர் மாற்றியதற்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. அதனால்தான் ஒரே நகரம் எட்டு வாரத்தில் 11 குளம் திறக்கவும் முடிந்தது, ஒரு குளத்தைத் திரும்பத் திறக்க 28 வருடம் எடுத்துக்கொள்ளவும் முடிந்தது.

எந்த ஊராக இருந்தாலும், புதுப் பூங்காவோ குளமோ வரப்போகிறது என்றால் 'எத்தனை கோடி?' என்று கேட்பதோடு இன்னும் சில கேள்விகளையும் கேட்கலாம். வருடத்துக்கு நடத்தும் செலவு எவ்வளவு? அது எந்தக் கணக்கிலிருந்து வரும்? கட்டணம் எவ்வளவு, அதைக் கொடுக்க முடியாத குழந்தைக்கு எந்த நேரம் இலவசம்? பத்து வருடம் கழித்து வடிகட்டும் கருவி பழுதானால் மாற்றுவது யார்? பதில் திட்ட அறிக்கையிலேயே எழுதப்பட்டிருந்தால், பாதிக் கவலை இல்லை.

நியூயார்க்கின் வெளிப்புறப் பொதுக் குளங்களில் இன்று கட்டணம் இல்லை. ஜூன் கடைசியில் திறந்து, செப்டம்பரில் மூடுகிறார்கள். நீந்த வருபவர்கள் நீச்சல் உடையோடு ஒரு பூட்டும் கொண்டுவர வேண்டும், உடைமைகளை வைக்கும் பெட்டிக்காக. மற்றதெல்லாம் நகரத்தின் செலவு.