‘எமோ’ என்றால் என்ன? ஒரு ஹேர்ஸ்டைலுக்காக இளைஞர்கள் குறிவைக்கப்பட்டது ஏன்? - விரிவான அலசல்

கருப்பு டி-ஷர்ட், காலை இறுக்கிப் பிடிக்கும் ஜீன்ஸ், ஒரு கண்ணை முழுசாக மூடும் முன்நெற்றி முடி, கண்ணைச் சுற்றி மை, காதில் சத்தமான சோகப் பாட்டு. 2000-களின் நடுவில் அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ ஒரு ஷாப்பிங் மாலுக்குப் போயிருந்தால், இப்படி நாலு பேரையாவது பார்த்திருக்கலாம். அவர்களுக்கு ஊர் வைத்த பெயர்தான் ‘எமோ’.

இன்று அதே எமோ பெரிய பிசினஸ். 2022-ல் லாஸ் வேகாஸில் தொடங்கப்பட்ட ‘வென் வி வேர் யங்’ இசைத் திருவிழா, அந்தக் காலத்து இசைக்குழுக்களை ஒரே மைதானத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. 2025 ஜூலையில் ‘மை கெமிக்கல் ரொமான்ஸ்’ குழு, 2006-ல் வெளியான ‘தி பிளாக் பரேட்’ ஆல்பத்தை மையமாக வைத்து சியாட்டிலில் ஒரு ஸ்டேடியச் சுற்றுப்பயணத்தைத் தொடங்கியது. பள்ளிக்கூட வயசில் அந்த ஆல்பத்தைக் கேட்டவர்களுக்கு இப்போது முப்பதைத் தாண்டிவிட்டது.

கேட்க ஜாலியான நாஸ்டால்ஜியா கதை மாதிரி இருக்கு, இல்லையா? ஆனால், இதே தோற்றத்துக்காக மெக்சிகோவில் இளைஞர்கள் நடுத்தெருவில் அடிக்கப்பட்டார்கள். ஈராக்கில் கொல்லப்பட்டார்கள். ஒரு இசை ரசனை எப்படி இவ்வளவு தூரம் போனது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எமோ எங்கே தொடங்கியது?

பலர் நினைப்பதுபோல இது 2000-களில் பிறந்தது அல்ல. 1985-ல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் இதன் வேர் இருக்கிறது.

அப்போது அந்த நகரத்தில் ‘ஹார்ட்கோர் பங்க்’ என்ற இசை பிரபலம். வேகம், கோபம், கூச்சல். ஆனால், கச்சேரிக்கு வரும் கூட்டத்தில் அடிதடி அதிகமாகிக்கொண்டே போனது. ‘யார் முரட்டு ஆம்பள’ என்று காட்டும் இடமாக அது மாறியது. இதில் வெறுத்துப்போன சில இளைஞர்கள் வேறு மாதிரி பாட ஆரம்பித்தார்கள். வேகம் அதேதான். ஆனால் பாட்டின் பொருள் மாறியது. இழப்பு, நட்பு, குற்ற உணர்வு, தனிமை என்று உள்மனசைப் பற்றிப் பாடினார்கள்.

கை பிச்சியாட்டோ பாடிய ‘ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்’, இயன் மெக்கே பாடிய ‘எம்ப்ரேஸ்’ ஆகிய குழுக்கள் இதில் முக்கியமானவை. இந்தப் பாணிக்கு மற்றவர்கள் வைத்த பெயர் ‘எமோஷனல் ஹார்ட்கோர்’. அதன் சுருக்கம்தான் எமோ. இதில் ஒரு வேடிக்கை, இந்தப் பெயர் அவர்கள் யாருக்குமே பிடிக்கவில்லை. மெக்கே மேடையிலேயே அதைக் கிண்டலடித்தார்.

இன்னொன்றையும் சொல்லணும். இவர்கள் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவர்கள் இல்லை. அந்த 1985 கோடையில், நிறவெறி ஆட்சிக்கு எதிராக வாஷிங்டனில் உள்ள தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன்னால் டிரம் அடித்துப் போராட்டம் நடத்திய கூட்டமும் இதே பங்க் வட்டாரத்து இளைஞர்கள்தான்.

முடியும் கண் மையும் எப்போது வந்தன?

அது ரொம்பப் பின்னால். 1990-களில் எமோ வாஷிங்டனைத் தாண்டிப் பரவியது. சியாட்டிலைச் சேர்ந்த ‘சன்னி டே ரியல் எஸ்டேட்’ குழுவின் ‘டைரி’ 1994-ல் வந்தது. இல்லினாய் மாகாணத்தின் அர்பானாவில் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய ‘அமெரிக்கன் ஃபுட்பால்’, 1999-ல் ஒரு ஆல்பத்தை வெளியிட்டது. இவர்களுடைய பழைய போட்டோக்களைப் பார்த்தால் சாதாரண சட்டை, சாதாரண முடி. பக்கத்து வீட்டுப் பையன்கள் மாதிரிதான் இருப்பார்கள். அந்த ஆல்பத்தின் அட்டையில் இருப்பதுகூட அர்பானாவில் உள்ள ஒரு சாதாரண வீடுதான். ரசிகர்கள் தேடி வந்து பார்க்கும் இடமாக மாறிய அந்த வீட்டை, 2023-ல் அந்தக் குழுவும் அதன் இசை நிறுவனமும் நண்பர்களும் சேர்ந்து வாங்கிப் பாதுகாத்தார்கள்.

2001-ல் வெளியான ‘ஜிம்மி ஈட் வேர்ல்ட்’ குழுவின் ‘தி மிடில்’ பாடல் பெரிய ஹிட். அதே ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதலை நேரில் பார்த்து அதிர்ந்துபோன ஜெரார்ட் வே, நியூ ஜெர்சியில் ‘மை கெமிக்கல் ரொமான்ஸ்’ குழுவைத் தொடங்கினார். அடுத்து மைஸ்பேஸ் என்ற சமூக வலைதளம் வந்தது. வீட்டுக்குள் கேட்ட பாட்டு, போட்டோ போடும் அடையாளமாக மாறியது அப்போதுதான். முடி, மை, கோடு போட்ட சாக்ஸ் எல்லாம் இந்தக் கட்டத்தில் சேர்ந்தவை.

இசைக்கு வயது இருபதாகப் போகும்போது வந்து ஒட்டிக்கொண்டது அந்த யூனிஃபார்ம். ஆனால் உலகம் பார்த்தது யூனிஃபார்மை மட்டும்தான். இதில் இன்னொரு முரண், எமோவின் முகமாக உலகம் நினைக்கும் ஜெரார்ட் வேயே, ‘நாங்கள் எமோ இல்லை’ என்று வெளிப்படையாக மறுத்தவர்.

இங்கிலாந்து: பாட்டு மீது விழுந்த பழி

2007-ல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 13 வயதுச் சிறுமி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். 2008-ல் நடந்த மரண விசாரணையில், அவர் எமோ ரசிகை என்ற விவரம் வெளியானது. உடனே சில பத்திரிகைகள் எமோவை ‘தற்கொலைக் கூட்டம்’ என்பது போல எழுதின.

தற்கொலையைத் தாங்கள் எதிர்ப்பதாகவும், மனச்சோர்வில் இருப்பவர்கள் தயங்காமல் உதவி கேட்க வேண்டும் என்றும் மை கெமிக்கல் ரொமான்ஸ் அறிக்கை விட்டது. 2008 மே மாதம், டெய்லி மெயில் பத்திரிகை அலுவலகம் முன்பு பதின்ம வயது ரசிகர்கள் திரண்டு போராட்டம் நடத்தினார்கள்.

‘தி பிளாக் பரேட்’ ஆல்பத்தைக் கேட்டவர்களுக்கு அந்தக் கோபம் புரியும். சாகக்கிடக்கும் ஒரு புற்றுநோயாளியின் கதை அது. மரணத்தைப் பற்றிப் பேசுகிறது, உண்மை. ஆனால் அதன் நிறைவுப் பாடல் போய்ச் சேரும் இடம், வாழ்வதற்குப் பயப்பட மாட்டேன் என்கிற உறுதி. தலைப்பை மட்டும் படித்தவர்கள் அதுவரை போகவே இல்லை.

மெக்சிகோ: நடுச்சதுக்கத்தில் அடி

2008 மார்ச் 7. மெக்சிகோவின் கெரெட்டாரோ நகரம். இணையம் வழியாகத் தகவல் பரப்பி நூற்றுக்கணக்கான இளைஞர்கள் நகர மையச் சதுக்கத்தில் கூடினார்கள். அங்கே வழக்கமாக உட்கார்ந்து பேசும் எமோ பிள்ளைகளைத் தேடித்தேடி அடித்தார்கள். அந்தக் காட்சிகள் இணையத்தில் பரவ, சில நாட்களில் தலைநகர் மெக்சிகோ சிட்டியிலும் மோதல் வெடித்தது. பிறகு எமோ இளைஞர்கள் போலீஸ் பாதுகாப்போடு பேரணி போக வேண்டிய நிலை வந்தது.

அடித்தவர்கள் சொன்ன காரணம், ‘எங்க ஸ்டைலைத் திருடிட்டாங்க’. ஆனால் அப்போது கூட்டத்தில் கேட்ட வசைகளைப் பார்த்தால் வேறு காரணம் தெரியும். மை வைக்கிற பையன், அழுகிற பையன், பெண்பிள்ளை மாதிரி இருக்கிற பையன் என்பதுதான் உண்மையான எரிச்சல். எமோ மீதான வெறுப்பும் தன்பாலின ஈர்ப்பாளர்கள் மீதான வெறுப்பும் அங்கே ஒன்றாகக் கலந்திருந்தன. இந்தச் சம்பவத்துக்கு முன்பு ஒரு டிவி தொகுப்பாளர் எமோக்களை நிகழ்ச்சியில் மட்டம் தட்டிப் பேசியதும் அப்போது கடுமையாக விமர்சிக்கப்பட்டது.

யோசித்துப் பாருங்கள். ‘யார் முரட்டு ஆம்பள’ என்ற போட்டி பிடிக்காமல் பிறந்த இசை இது. 23 வருடம் கழித்து அதே போட்டி அதைத் தேடி வந்து அடித்தது.

அதே 2008-ல் ரஷ்யாவிலும், எமோ உடையைப் பள்ளிகளிலும் அரசுக் கட்டடங்களிலும் தடை செய்ய வேண்டும், எமோ இணையதளங்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற வரைவு நாடாளுமன்ற வட்டாரத்தில் பேசப்பட்டது. அதை எதிர்த்து சைபீரியாவின் கிராஸ்நோயார்ஸ்க் நகரில் இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள்.

ஈராக்: ஒரு அறிக்கையும் அதன் பிறகும்

மிக மோசமானது இதுதான். 2012 பிப்ரவரியில் ஈராக் உள்துறை அமைச்சகம் தன் இணையதளத்தில் ஒரு அறிக்கை வெளியிட்டது. அதில் எமோ என்பது ‘சாத்தான் வழிபாடு’ என்று முத்திரை குத்தப்பட்டது.

அதன் பிறகு பாக்தாத்தின் சில பகுதிகளில், குறிப்பாக சதர் சிட்டியில், பெயர் குறிப்பிட்டு மிரட்டும் துண்டுப் பிரசுரங்கள் தோன்றின. முடி நீளமாக வளர்த்தவர்களும் இறுக்கமான உடை போட்டவர்களும் குறிவைக்கப்பட்டார்கள். இளைஞர்கள் பலர் கொடூரமாகக் கொல்லப்பட்டதாகச் செய்திகள் வந்தன. எத்தனை பேர் என்பதில் ஒவ்வொரு தரப்பும் ஒவ்வொரு எண்ணிக்கையைச் சொன்னது. அரசோ அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மறுத்தது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச், ஆம்னெஸ்டி உள்ளிட்ட அமைப்புகள் மார்ச் மாதம் கூட்டாக விசாரணை கோரின.

இறந்தவர்களில் எத்தனை பேர் எமோ பாட்டைக் கேட்டிருப்பார்கள்? அது யாருக்கும் தேவைப்படவே இல்லை. வித்தியாசமாக முடி வெட்டியவர், தன்பாலின ஈர்ப்பாளர் என்று சந்தேகிக்கப்பட்டவர் என எல்லாரையும் போட்டு மூட அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. முத்திரை குத்துவதன் ஆபத்து இதுதான். சொல்லுக்குப் பொருள் தெரியாமலேயே அதை வைத்து ஆளை முடித்துவிடலாம்.

சோகப் பாட்டு கேட்டால் தப்பான முடிவுக்குப் போவார்களா?

பெற்றோருக்கு வரும் நியாயமான கேள்வி இது. மழுப்பாமல் பார்க்கலாம்.

எமோவுக்கு நெருங்கிய ‘கோத்’ கலாசாரத்தைப் பற்றி ஸ்காட்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2006-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. 1,258 பேரை 11 வயதிலிருந்து 19 வயது வரை பின்தொடர்ந்தார்கள். தங்களை கோத் என்று சொன்னவர்களிடம், தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. ஆனால் அவர்களின் எண்ணிக்கை மிகக் குறைவு என்பதையும் கவனிக்கணும். அதைவிட முக்கியம், அந்தப் பழக்கம் பெரும்பாலும் கோத் ஆவதற்கு முன்பே தொடங்கியிருந்தது. அதாவது, ஏற்கெனவே மன வேதனையில் இருந்தவர்கள் தங்களைப் புரிந்துகொள்ளும் ஒரு கூட்டத்தைத் தேடிப் போயிருக்க வாய்ப்பு அதிகம் என்றார்கள் ஆய்வாளர்கள்.

எளிமையா சொன்னா, மெடிக்கல் ஷாப் வாசலில் நிற்கிறவர்களில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் இருக்கலாம். அதுக்காக அந்தக் கடைதான் காய்ச்சலைப் பரப்புதுன்னு சொல்ல முடியுமா?

அதே நேரம், கடைக்கு வந்தவருக்குக் காய்ச்சல் இருக்கு என்பதையும் மறந்துவிடக் கூடாது. பாட்டின் மீது பழி போடுவதும் தப்பு, ‘எல்லாம் சும்மா ஃபேஷன்’ என்று ஒதுக்குவதும் தப்பு.

அப்போ எமோ மீது விமர்சனமே இல்லையா?

இருக்கு. ஆனால் அது வேறு இடத்தில் இருக்கு. காதல் தோல்வி என்றாலே பெண்தான் வில்லி என்ற பாணியில் பல பாடல்கள் வந்தன. 2003-லேயே எழுத்தாளர் ஜெசிகா ஹாப்பர், எமோ பாடல்களில் பெண்களுக்குச் சொந்தக் குரலே இல்லை என்று பங்க் பிளானட் இதழில் கட்டுரை எழுதினார். ‘பாராமோர்’ குழுவின் ஹேலி வில்லியம்ஸ், தன்னுடைய பெரிய ஹிட்டான ‘மிஸரி பிசினஸ்’ பாடலில் இன்னொரு பெண்ணை இழிவாகச் சொல்லும் வரி இருப்பதால், 2018-ல் அதை மேடையில் பாடுவதையே நிறுத்தினார். சில ஆண்டுகள் கழித்துத்தான் மறுபடி பாடினார். உருப்படியான இந்த விமர்சனங்கள் வந்தது பாட்டைக் காது கொடுத்துக் கேட்டவர்களிடமிருந்து. வெளியே நின்று பயந்தவர்கள் கேட்டதெல்லாம் தடை மட்டும்தான்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

இரங்கல் என்ற உணர்வை நெய்தல் திணைக்கே உரிப்பொருளாக வைத்த மொழி நம்முடையது. சோகத்தைப் பாடுவது நோய் அல்ல என்பது நமக்குப் புதுசு இல்லை.

மூன்று நாடுகளிலும் தொடக்கம் ஒன்றுதான். ஒரு நாளிதழ், ஒரு டிவி நிகழ்ச்சி, ஒரு அமைச்சகம் என யாரோ ஒருவர் விசாரிக்காமல் ஒரு கூட்டத்துக்கே பெயர் வைத்தார்கள். மிச்சத்தைத் தெரு பார்த்துக்கொண்டது. செய்தி அறையில் தலைப்பு வைக்கும் எங்களுக்கும் இதில் பாடம் இருக்கு.

உங்கள் வீட்டுப் பிள்ளை திடீரென்று கருப்புச் சட்டையோடு, முகத்தை மூடும் முடியோடு நிற்கிறதா? முதலில் முடியைப் பார்க்காதீர்கள். சரியாகத் தூங்குகிறதா, சாப்பிடுகிறதா, முன்பு பேசிய நண்பர்களோடு இப்போதும் பேசுகிறதா என்று பாருங்கள். பிறகு அந்த ஹெட்போனில் ஒரு பக்கத்தை வாங்கி, என்ன பாட்டு என்று கேளுங்கள். பாட்டு உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், பரவாயில்லை. நீங்கள் கேட்டீர்கள் என்பது பிள்ளைக்குத் தெரியும்.

*(மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ இருந்தால் உதவி கேட்கத் தயங்க வேண்டாம். தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104, மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416.)*