விற்பனைக்கு வந்த ஆசனங்கள்

கலிபோர்னியாவின் சாந்தா மொனிக்கா கல்லூரி 2012இல் வகுத்த திட்டத்தை எண்ணும்போது எனக்கு இன்றும் சினமே மூள்கிறது. அரச நிதி வெட்டப்பட்டது, வகுப்புகள் குறைந்தன, மாணவர் குறையவில்லை. பட்டத்திற்குக் கட்டாயமான ஆங்கிலமும் கணிதமும் நிரம்பி வழிந்தன. கல்லூரி கண்ட தீர்வு யாது? ஓர் அலகுக்கு 46 டொலராக இருக்கவேண்டிய கட்டணத்தை, மேலதிக வகுப்புகளுக்குச் சுமார் 180 டொலராக்குவது!

வகுப்புகள் கூடினால் எவருக்கும் நட்டமில்லையே என்று வாதிட்டனர். விருப்பப் பாடமாயின் விட்டுவிடலாம். கட்டாயமென விதித்தவரே கதவைப் பூட்டிவிட்டுத் திறப்புக்கு விலை பேசுவது வியாபாரமன்றி வேறென்ன? பணமுள்ளவன் தவணை தவறாமல் முடிப்பான். இல்லாதவன் வேலைக்குப் போய்க்கொண்டே அடுத்த தவணைக்குக் காத்திருப்பான். (இலவசக் கல்வியில் கலைப்பட்டம் பெற்றவன் நான். இடமின்றி விரிவுரை மண்டபச் சுவரோரம் நின்று கேட்டதுண்டு. நிற்பதற்கு எவரும் காசு கேட்கவில்லை.)

ஏப்ரலில் நிர்வாகசபைக் கூட்டத்தினுள் நுழைய முயன்ற மாணவர்மீது மிளகுத் திரவம் விசிறப்பட்டது. சில நாட்களில் திட்டம் இடைநிறுத்தப்பட்டது. ஆயினும் அடுத்த ஆண்டே, அதே யோசனையை ஆறு கல்லூரிகளில் பரீட்சித்துப் பார்க்க மாநிலம் சட்டமியற்றிக் கொடுத்தது.