ரீகன்சைல்னா அழிக்கிறது இல்லப்பா!

டிஸ்கி: நான் பி.காம். மூணாம் வருஷம். ஜிஐஎஸ் படிச்ச மக்கா, முழுசா படிச்சிட்டு அடிக்க வாங்க :)

பெரியப்பா பையன் ஒரு கம்பெனியில வெளிநாட்டு மின்சார லைன்களை மேப்ல ஏத்துற வேலை பாக்குறார். பொங்கலுக்கு ஊருக்கு வந்தும் லேப்டாப்பும் கையுமாத்தான் இருந்தார். "போஸ்ட் ஆக மாட்டேங்குதுடா"ன்னு புலம்பல். (இது கரண்டு போஸ்ட் இல்ல. நாம செஞ்ச திருத்தத்தைப் பொது மேப்ல சேக்கிறதுக்கு அந்தப் பேரு.) கடைசியில நாப்பது கான்ஃபிளிக்டையும் மொத்தமா செலக்ட் பண்ணி, 'என் வெர்ஷனே சரி'ன்னு முடிச்சுட்டார்.

"எல்லாத்தையும் பாத்தீங்களாண்ணே?"

"எவன்டா பாக்குறது? வெள்ளிக்கிழமைக்குள்ள கணக்கு முடியணும்."

எனக்குக் கோவம் வந்ததே இங்கதான்.

விஷயம் இதுதான். பொது மேப் ஒண்ணு, பேரு டீஃபால்ட். ஆளாளுக்கு அதுல இருந்து ஒரு தனி வெர்ஷன் பிரிச்சு திருத்துவாங்க. சேக்கிறதுக்கு முன்னாடி ரீகன்சைல், அதாவது நடுவுல டீஃபால்ட்ல மத்தவங்க செஞ்ச மாத்தத்தை நம்ம வெர்ஷனுக்கு இழுத்து ஒப்பிடணும். ஒரே கம்பத்தை ரெண்டு பேர் தொட்டிருந்தா கான்ஃபிளிக்ட். அதைத் தீர்த்து, நெட்வொர்க்கை வேலிடேட் பண்ணி, அப்புறம் போஸ்ட். அதுக்குள்ள இன்னொருத்தர் போஸ்ட் பண்ணிட்டா மறுபடி ரீகன்சைல்லருந்து ஆரம்பிக்கணும். வெர்ஷனை வேற யாராவது திறந்து வச்சிருந்தாலும் மறுத்துடும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு டீமே வரிசையில நின்னா என்ன ஆகும்? எரிச்சல்ல ஒரே க்ளிக்!

எங்க வகுப்புல பேங்க் ரீகன்சிலியேஷன் போடுறோமே, பாஸ்புக்கும் கேஷ்புக்கும் ஒத்து வரலேன்னா பாஸ்புக்கை அடிச்சுட்டா மார்க் போடுவாங்க? குடுத்த செக் இன்னும் பேங்குக்குப் போகலையா, பேங்க் சார்ஜை நாம எழுதலையான்னு ஒவ்வொண்ணா காரணம் தேடணும். வித்தியாசம்தான் அங்க தகவலே. அதே ரீகன்சைல்ங்கிற வார்த்தையை வச்சுக்கிட்டு நேர் எதிரா பண்றாங்க இவங்க.

'மேப்தானே'ம்பீங்க. 2018 நவம்பர் 16 கஜாவை நம்ம புதுக்கோட்டை ஆளுங்ககிட்ட கேளுங்க. டெல்டாவையும் சேத்து லட்சத்துக்கும் மேல கம்பம் சாஞ்சது. கேரளாவுல இருந்தெல்லாம் லைன்மேன்கள் வந்தாங்க. அந்த மாதிரி நேரத்துல கம்பம் இடம் மாறும், ஒரு தெருவுக்கு வேற பக்கத்துல இருந்து தற்காலிகமா கரண்டு வரும். களத்துல நிக்கிறவர் அதைப் பதியுறார். ஆபீஸ்ல ஒருத்தர் பழைய வரைபடத்தைப் பாத்து அதே லைனைத் திருத்துறார். யாருது நிக்கணும்? கடைசியா க்ளிக் பண்ணவருதா? டெஸ்ட் பண்ணி எர்த் போட்டுத்தான் ஏறணும், விதி இருக்கு, சரி. ஆனா எந்த ஸ்விட்சை இறக்கணும்னு மேப்பைப் பாத்துத்தானே முடிவு பண்றாங்க?

அண்ணனை மட்டும் திட்டி புண்ணியமில்ல. ஒரு நாளைக்கு எத்தனை கம்பம்னு எண்ணி சம்பளம் போடுற மேனேஜருக்குத்தான் இந்தப் பதிவு. ஒருத்தர் உயரத்தை மாத்தி, இன்னொருத்தர் நிறுவின தேதியை மாத்தினா அது சண்டையே இல்ல. கான்ஃபிளிக்டை மொத்த வரிசையா பாக்காம பத்தி பத்தியா பாக்கச் சொன்னா அந்த மாதிரியானது தானா குறையும். மிச்சமிருக்கிறதுக்குக் களத்துல இருக்கிறவருக்கு ஒரு போன் போடணும். அந்த போனுக்கு நேரம் குடுங்க சார், வெள்ளிக்கிழமை திங்கக்கிழமை ஆனா குடி முழுகிடாது.