வள்ளத்துக்குப் புது இன்ஜினா? ஹெச்.பி-யைப் பார்க்கும் முன் இதைப் படிங்க!

கன்னியாகுமரி மாவட்டக் கடலோர வீடுகளில் பெரிய செலவுகளைப் பட்டியல் போட்டால், வீடு, கல்யாணம், பிள்ளைகள் படிப்பு, அப்புறம் வள்ளத்தின் இன்ஜின் என்று வரும். ஃபைபர் வள்ளம் பல வருடங்கள் தாங்கும். உப்புத் தண்ணீரில் தினமும் உழைக்கும் அவுட்போர்டு இன்ஜின் அவ்வளவு தாங்காது. புது இன்ஜின் என்று பேச்சு வந்தாலே பல வீடுகளில் நகை அடகுக்குப் போகும். அதனால் கடலுக்குப் போகிறவரோடு, வீட்டில் வரவு செலவு பார்ப்பவரும் உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு இது.

கடையில் முதலில் வரும் கேள்வி, "எத்தனை ஹெச்.பி வேணும்?" பக்கத்து வள்ளத்தில் 9.9 இருந்தால், நமக்கு 15 இருந்தால் நல்லது என்று தோன்றும். ஆனால், நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு எண்ணெய் குடிக்கும்?"

ஒரு சின்ன கணக்கு

இரண்டு இன்ஜின்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று மணிக்கு 5 லிட்டர் குடிக்கிறது, இன்னொன்று 3.5 லிட்டர். ஒரு நாளைக்கு 4 மணி நேர ஓட்டம், வருடத்தில் 200 நாள் தொழில் என்று வைத்துக்கொண்டால், வித்தியாசம் 1,200 லிட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றால் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்! விலையில் 20,000 ரூபாய் குறைத்துக் கொடுக்கிறார்கள் என்று முதல் இன்ஜினை வாங்கினால், அந்த லாபம் இரண்டு, மூன்று மாதங்களில் கடலில் கரைந்துவிடும்.

வாங்கும் முன் பழைய இன்ஜினை ஒரு வாரம் கவனியுங்கள். எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை லிட்டர் ஊற்றினோம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கடைக்காரர் சொல்வதை ஒப்பிட நம் கையில் ஒரு எண் இருக்கும்.

டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

டூ ஸ்ட்ரோக் எடை குறைவு, பாகங்கள் குறைவு, ரிப்பேர் சுலபம். ஆனால், எரிபொருளில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு போய்விடும். ஆயிலையும் எரிபொருளோடு கலக்க வேண்டும். அதே திறனுள்ள ஃபோர் ஸ்ட்ரோக் குறைவாகக் குடிக்கும். விலையும் எடையும் அதிகம்.

எடையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். துறைமுகம் இல்லாத ஊர்களில் தொழில் முடிந்ததும் இன்ஜினைக் கழற்றி, தோளில் சுமந்து மணலேற வேண்டும். தூக்கப்போவது யார், அவர் வயது என்ன என்பதையும் கணக்கில் சேருங்கள்.

மண்ணெண்ணெயில் ஓடும் மாடல்களும் உண்டு. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் மீண்டும் பெட்ரோல். மானிய விலை மண்ணெண்ணெய் கிடைக்கும்வரை செலவு குறைவு. ஆனால், அதில் கரி அதிகம் படியும், இழுவையும் சற்றுக் குறையும். மானிய ஒதுக்கீடு உங்கள் தொழிலுக்கு எத்தனை நாள் வரும் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஷாஃப்டும் ப்ரொப்பெல்லரும்

சிறிய அவுட்போர்டுகளில் பொதுவாக 15 அங்குலம், 20 அங்குலம் என இரண்டு ஷாஃப்ட் அளவுகள் உண்டு. இன்ஜின் மாட்டும் பின்பலகையின் உயரத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். ஷாஃப்ட் குட்டையாக இருந்தால், அலையில் வள்ளம் எழும்பும்போது ப்ரொப்பெல்லர் காற்றில் சுற்றும். இன்ஜின் அலறும், வள்ளம் நகராது. பொழிமுகத்திலோ, அலை உடையும் இடத்திலோ இது நடந்தால் ஆபத்து. ரொம்ப நீளமாக இருந்தால் கரை ஏறும்போது மணலில் இடிக்கும்.

முக்கால் வேகம் போதும்

1986-லேயே சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வங்காள விரிகுடாத் திட்டம், சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றித் தனி வழிகாட்டி வெளியிட்டது. வேகத்தைக் கொஞ்சம் குறைப்பது அதன் முக்கியமான யோசனைகளில் ஒன்று. ப்ரொப்பெல்லரின் சுழற்சியை 20 சதவிகிதம் குறைத்தால், அதற்குத் தேவைப்படும் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும் (0.8 × 0.8 × 0.8 = 0.51). வள்ளத்தின் வேகம் அந்த அளவுக்குக் குறையாது.

ஹெச்.பி கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. ஆளும் வலையும் ஐஸும் ஏற்றிய நிலையில், முக்கால் த்ராட்டிலில் நமக்கு வேண்டிய வேகம் கிடைத்தால் அந்த ஹெச்.பி போதும். எப்போதும் முழுதாய் முறுக்கினால்தான் நகரும் என்றால் இன்ஜின் சின்னது, சீக்கிரம் தேயும்.

மெக்கானிக் எங்கே இருக்கிறார்?

பணம் கட்டும் முன் கேளுங்கள்: ப்ளக், பம்ப் இம்பெல்லர், கியர் ஆயில் சீல் ஆகியவை முட்டத்திலோ குளச்சலிலோ அன்றைக்கே கிடைக்குமா? இன்ஜினைப் பிரித்துப் பழகிய மெக்கானிக் அருகில் உண்டா? ஒரு உதிரிபாகத்துக்காக ஒரு வாரம் காத்திருந்தால், அந்த வார வருமானமும் போச்சு. 1980-ல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு (சிஃப்ஸ்) இன்ஜின் விற்பனையோடு சர்வீஸிலும் இறங்கியதற்குக் காரணம் இந்தத் தேவைதான். மீன்வளத்துறையின் இன்ஜின் மானியத்துக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால், வாங்கும் முன்பே அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.

பழைய இன்ஜினில் உயிர் இருந்தால் எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாதீர்கள். சர்வீஸ் செய்து, உதிரி இன்ஜினாக வள்ளத்தில் வைத்துக்கொள்ளலாம். 2017 நவம்பர் 30 அன்று வந்த ஒக்கியைப் பார்த்த மாவட்டம் இது. நடுக்கடலில் ஒரு இன்ஜின் நின்றாலும் இன்னொன்று ஓடும் என்றால், கரையில் காத்திருப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய நிம்மதி இல்லை.