முதல் டிராம் என்ற பெருமை போதுமா?

சென்னை தினம் வந்தால் நமக்கு டிராம் நினைவு வந்துவிடும். 1895 மே 7, இந்தியாவின் முதல் மின்சார டிராம் என்று மார்தட்டுவோம். கல்கத்தாவில் மின்சார டிராம் 1902இல், பம்பாயில் 1907இல்தான் ஓடியது. பெருமையில் பொய் இல்லை. அந்த ஒரு வரிக்கு மேல் நாம் எதையும் தேடிப் படிக்கவில்லை என்பதுதான் குறை.

தொடக்கத்தில் அந்த வண்டிக்கு மின்சாரம் தலைக்கு மேல் கம்பியில் வரவில்லை. சாலைக்கு அடியில் அமைத்த கால்வாய் வழியாக வந்தது. மழை கொட்டியபோது வெள்ளம் உள்ளே புகுந்தது. பிறகு மேலே கம்பி கட்டினார்கள். சென்னை மழையை மறந்து போட்ட திட்டம் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் உண்டா? நம் பொறியியல் மாணவர்களுக்கு அதைச் சொல்லித்தர நமக்குத் தோன்றவில்லை.

பாரிமுனையிலும் மவுண்ட் ரோட்டிலும் வண்டி ஓட்டியவர்களை அதைவிட மோசமாகக் கைவிட்டோம். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்ட வாடியாவையும் திரு.வி.க.வையும் போற்றுகிறோம். அதையொட்டிச் சங்கம் அமைத்த டிராம் தொழிலாளிகளில் ஒருவர் பெயரைச் சொல்லச் சொன்னால் விழிக்கிறோம்.

1953 ஏப்ரலில், ராஜாஜி முதல்வராக இருந்தபோது, டிராம் நின்றது. கம்பெனி நஷ்டத்தில் மூழ்கியது என்று முடித்துக்கொண்டோம். வேலை இழந்தவர்கள் எங்கே போனார்கள், அரசே ஏற்று நடத்தியிருக்க முடியாதா என்ற கேள்விகளை அடுத்த தலைமுறைக்குக் கடத்தவே இல்லை. இரண்டே ஆண்டில், 1955இல், பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை திறந்தது. நாட்டுக்கே பெட்டி செய்து கொடுக்கும் ஊர், தன் டிராம் வண்டி ஒன்றைப் பிள்ளைகள் ஏறிப் பார்க்க நிறுத்திவைக்கவில்லை. கல்கத்தா எஸ்பிளனேடில் பழைய டிராம் பெட்டிக்குள்ளேயே 2014இல் அருங்காட்சியகம் வைத்துவிட்டார்கள். அங்கே சேவையைக் குறைத்தபோது அதை எதிர்த்து நீதிமன்றம் வரை போனார்கள்.

பத்து வயதில் அந்தக் கடைசி டிராமில் ஏறியவருக்கு இன்று எண்பது தாண்டியிருக்கும். அவர்கள் நம் வீடுகளில்தான் இருக்கிறார்கள். கட்டணம் எவ்வளவு, கண்டக்டர் எப்படிப் பேசுவார், டிராம் நின்ற மறுநாள் வேலைக்கு எதில் போனார்கள் என்று உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்ய மானியமும் வேண்டாம், குழுவும் வேண்டாம். அதையும் செய்யாமல் அடுத்த சென்னை தினத்தில் முதல் டிராம் என்று பேச நமக்கு உரிமை இல்லை.