பாலைவனத்துக் குழாயும் பெற்றோலின் விலையும்

1970ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், தென் சிரியாவில் நிலத்தை வெட்டிக்கொண்டிருந்த புல்டோசர் ஒன்று மண்ணுக்கடியிற் கிடந்த எண்ணெய்க் குழாயை உடைத்துவிட்டது. உடைந்த இடத்தைத் திருத்துவது பெரிய வேலையன்று. ஆனால் திருத்துதற்குச் சிரிய அரசாங்கம் அனுமதி வழங்கவில்லை. அவ்வாண்டு கழிந்து, மறு ஆண்டு சனவரி முடியுந் தறுவாயிலேயே அக்குழாயில் மீண்டும் எண்ணெய் ஓடிற்று. அந்த ஒன்பது மாதங்களுக்குள், எண்ணெய் விளையும் நாடுகளுக்கும் அதனை எடுத்து விற்ற கம்பனிகளுக்குமிடையே நெடுங்காலம் நிலவிய உறவு தலைகீழாயிற்று. எண்ணெய் விலையேற்றம் என்றவுடன் 1973ஆம் ஆண்டு யுத்தத்தையே பலரும் நினைவுகூர்கின்றனர். அவ்விலையேற்றத்துக்கு வழி சமைத்தது இச்சிறு விபத்தே என்பது எமது துணிபு.

‘டப்லைன்’ எனச் சுருக்கமாக வழங்கிய அக்குழாய், சவூதி அரேபியாவின் கைசூமாவிற் புறப்பட்டு, யோர்தானையும் சிரியாவையும் கடந்து, லெபனானிலுள்ள சைடாத் துறைமுகத்தை அடைந்தது. விவிலியம் கற்றோர் சீதோன் என அறிந்த பழம்பதி அது. குழாயின் நீளம் 1,200 கிலோமீற்றருக்கு மேல். அமெரிக்கக் கம்பனிகள் நான்கு கூடி 1947இல் தொடங்கிய வேலை 1950இல் நிறைவேறிற்று. பாரசீகக் குடாவிற் கப்பலேற்றி, அரேபியத் தீபகற்பத்தைச் சுற்றிச் சென்று, சுயெஸ் கால்வாயிற் சுங்கமும் செலுத்தும் செலவை மிச்சம் பிடிப்பதே அவற்றின் நோக்கம்.

முதலில் ஹைபாத் துறைமுகமே முடிவிடமாகக் கருதப்பட்டது. 1948இல் இஸ்ரேல் தோன்றியதும் வழியை வடக்கே திருப்பினர். சிரியப் பாராளுமன்றமோ உடன்படிக்கையை ஏற்காது காலந் தாழ்த்தியது. 1949 மார்ச்சில் ஹுஸ்னி அல் சயீம் என்னும் படைத்தலைவர் ஆட்சியைக் கைப்பற்றினார். மே மாதத்தில் உடன்படிக்கை உறுதியாயிற்று. மக்கள் பிரதிநிதிகள் தரத் தயங்கியதைத் துப்பாக்கி ஏந்தியவர் தந்தார் என்றால், அக்குழாயைச் சிரிய மக்கள் தமக்கு நன்மை செய்யவந்த பொருளாக எண்ணியிருப்பரோ?

1967ஆம் ஆண்டுப் போரின் பின் ஏற்பட்ட நிலை இன்னும் விசித்திரமானது. கோலான் மேட்டுநிலத்தை இஸ்ரேல் பிடித்துக்கொண்டதால் குழாயின் ஒரு பகுதி அதன் வசமாயிற்று. ஆயினும் எண்ணெய் நிற்கவில்லை. மேடைகளிற் பகைமை பேசப்பட்ட அதே நாட்களில், சவூதி மன்னரின் எண்ணெய் இஸ்ரேலியப் படையின் காலடியிலே அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது! 1969 மே மாதத்தில் பலஸ்தீன விடுதலை மக்கள் முன்னணியினர் அப்பகுதியில் அதனை வெடிவைத்துத் தகர்த்தமை இந்த முரண்பாட்டுக்குக் கிடைத்த மறுமொழி எனலாம்.

மறு ஆண்டு புல்டோசர் உடைத்தபோது நின்றுபோனது நாளொன்றுக்குச் சுமார் 5 இலட்சம் பீப்பாய். உலக உற்பத்தியில் இது ஏறத்தாழ நூற்றிலொரு பங்கே. பின் ஏன் இத்துணைக் கலக்கம்? எண்ணெய் குறையவில்லை, அதனைக் கொண்டுசெல்லக் கப்பல்தான் போதவில்லை. சுயெஸ் கால்வாய் 1967 முதல் மூடிக்கிடந்தது. சைடாவில் ஏற்றினால் சில நாட்களில் ஐரோப்பாவை அடையக்கூடிய எண்ணெய், இப்பொழுது குடாவிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்ல வேண்டியதாயிற்று. ஒரே கப்பல் பன்மடங்கு தூரம் ஓடினால் எத்தனை தடவை வந்துபோக முடியும்? கப்பற் கூலி விண்ணை முட்டியது.

இச்சமயத்தில் மத்தியதரைக் கடலின் தென்கரையில், சுயெஸ் கால்வாயும் வேண்டாது குழாயும் வேண்டாது ஐரோப்பாவுக்கு எண்ணெய் அனுப்பவல்ல நாடு லிபியா. 1969 செப்டெம்பரில் மன்னராட்சியைக் கவிழ்த்துப் பதவிக்கு வந்த கடாபி தமக்கு வாய்த்த தருணத்தை நன்குணர்ந்தார். பெருங் கம்பனிகளோடு மோதவில்லை. லிபியாவையன்றி வேறு கதியற்ற ஒக்சிடென்டல் கம்பனியைத் தெரிந்தெடுத்து அதன் உற்பத்தியைப் படிப்படியாக வெட்டினார். அதன் தலைவர் ஆர்மண்ட் ஹாமர் பெருங் கம்பனியான எக்சனிடம் மாற்று எண்ணெய் கேட்டுப் பார்த்தார். அவர் வேண்டிய விலைக்குக் கிடைக்கவில்லை. 1970 செப்டெம்பரில் ஒக்சிடென்டல் பணிந்தது. பீப்பாய்க்கு 2 டொலர் 23 சதமாக இருந்த அறிவிப்பு விலை 30 சதம் உயர்ந்தது. 50 வீதமாக இருந்த வரி 58 வீதமாயிற்று. ஏனைய கம்பனிகளும் பின்தொடர்ந்தன. 1971 பெப்ரவரியில் குடா நாடுகள் தெஹ்ரானில் தம் பங்கைப் பெற்றன. ஏப்ரலில் லிபியா திரிப்பொலியில் மேலும் கேட்டுப் பெற்றது.

1956ஆம் ஆண்டை இதனோடு ஒப்பிடுதல் தகும். அவ்வாண்டு சுயெஸ் போரின்போது ஈராக்கிய எண்ணெய்க் குழாயின் பம்பு நிலையங்களைச் சிரியப் படையினர் தகர்த்தனர், கால்வாயும் அடைபட்டது. அப்பொழுது அமெரிக்கா தன் சொந்த எண்ணெயை அனுப்பி ஐரோப்பாவைத் தாங்கிற்று. 1970இலோ அமெரிக்காவின் உற்பத்தி அக்காலத்து உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. ஆகவே ஒரு குழாய் உடைவதால் விலை எவ்வளவு ஏறும் என்பதைக் குழாயின் பருமனைக் கொண்டு கணித்தல் இயலாது. வேறு வழி, வேறு கப்பல், வேறு கிணறு எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்றே பார்த்தல் வேண்டும்.

சிரியாவைப் பிடிவாதக்கார நாடு என்று எழுதுவோர் பலர். தன் நிலத்தின் வழியே பிறர் பொருள் பிறர் இலாபத்துக்காகச் செல்ல, தான் பெறுவது அற்பக் கூலியே எனில், கூலியை உயர்த்தக் கேட்பதிற் குற்றமென்ன? வழிக்கூலி உயர்ந்த பின்னரே குழாய் திறந்தது. ஆனால் அந்த ஒன்பது மாதத்தின் பெரும்பயனை அறுவடை செய்தது லிபியா என்பதும், குழாயின் மீது கம்பனிகளுக்கிருந்த நம்பிக்கை அத்துடன் தேய்ந்தது என்பதும் கவனிக்கற்பாலன.

அந்நாட்களில் இலங்கைக்கும் இது தூரத்துச் செய்தியாக இருக்கவில்லை. 1969இல் திறக்கப்பட்ட சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் ஈரானிய மசகெண்ணெய்க்கென்றே அமைந்தது. தெஹ்ரானில் ஏறிய விலை, யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணற்றில் மண்ணெண்ணெயால் ஓடிய நீரிறைக்கும் இயந்திரம்வரை வந்து சேராமற் போகுமா?

டப்லைன் 1976இல் யோர்தானோடு நின்றுவிட்டது. 1990இல், குவைத் நெருக்கடியில் யோர்தான் ஈராக்கின் பக்கம் சாய்ந்ததெனச் சினந்து, யோர்தானுக்குச் சென்றதையும் சவூதி அரேபியா நிறுத்தியது. அதற்குள் அந்நாடு தன் எல்லைக்குள்ளேயே செங்கடற் கரையிலுள்ள யன்புவரை வேறொரு குழாயை 1981இல் அமைத்துக்கொண்டது. இடையிலே கூலி கேட்க அயல்நாடு எதுவுமில்லை. 2019 மே மாதத்தில் ஆளில்லா விமானங்கள் அக்குழாயின் பம்பு நிலையங்கள் இரண்டைத் தாக்கின. யெமனின் ஹூதி இயக்கத்தினர் அதற்கு உரிமை கோரினர்.